முப்பது வாளி: நெடுந்தீவு வளவில் ஏழு நாள்

முதல் நாள், வியாழன்

கனடாவில் இருக்கிற மாமா ஒரு வேலை தந்திருக்கிறார். நெடுந்தீவில் அம்மாவின் பேரனார், அதாவது தாத்தா, கட்டின வீட்டையும் வளவையும் அளந்து, படம் எடுத்து அனுப்பவேண்டும். "ஆறு அறை போடலாம். அறைக்கொரு பாத்ரூம், ஏசி. வெள்ளைக்காரர் வந்து நிப்பினம், நீ இருந்து பார்" என்றார் போனில். எனக்கு ஆவணி லீவு. அளவுநாடா ஒன்றும் மாற்றுடுப்பு நாலும் எடுத்துக்கொண்டு வெளிக்கிட்டேன்.

யாழ்ப்பாணத்தில் 776 பஸ். பண்ணைப் பாலம், மண்கும்பான், வேலணை, பிறகு இரண்டு பக்கமும் கடல் படுத்துக் கிடக்கிற புங்குடுதீவு வீதி. குறிகட்டுவானில் இறங்கினால் கூட்டமெல்லாம் நயினாதீவு வள்ளத்துக்குத்தான். நாகபூசணி அம்மனிடம் போகிறவர்கள், விகாரைக்குப் போகிறவர்கள். நெடுந்தீவு வரிசையில் மனிதரைவிடச் சாமான் அதிகம்: மா மூட்டை, காஸ் சிலிண்டர், கோழிக்குஞ்சுப் பெட்டி, ஒரு மெத்தை.

குமுதினிப் படகில்தான் இடம் கிடைத்தது. உள்ளே இறங்கினால் டீசல் மணமும் இருட்டும். சோளகம், தென்மேற்குக் காற்று, இன்னும் அடங்கவில்லை. பக்கத்தில் இருந்த வயதான அம்மா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு கண்ணை மூடியிருந்தார். கடல் ஒத்துக்கொள்ளாததால் என்று நினைத்தேன். 1985 மே 15 அன்று இதே குமுதினியில், நடுக்கடலில், குழந்தைகள் உட்பட இருபதுக்கு மேற்பட்ட பயணிகள் வெட்டியும் குத்தியும் கொல்லப்பட்டார்கள். கடற்படையினர்தான் செய்தார்கள் என்று தப்பியவர்கள் சாட்சி சொன்னார்கள். இந்தப் படகில் ஏறுகிற எவரும் அதைப் பற்றிக் கதைப்பதில்லை. ஏறாமல் இருக்கவும் வழியில்லை.

ஒரு மணித்தியாலத்தில் மாவிலித்துறை. பெரியம்மாவின் பேரன் சைக்கிளோடு நின்றான். பெரியம்மா என்றால் அம்மாவின் ஒன்றுவிட்ட அக்கா. பக்கத்து வளவில் இருக்கிறா. எங்கள் வீட்டைப் பார்க்கிறதும் அவதான். அதற்கு யாரும் சம்பளம் கொடுத்ததில்லை, அவவும் கேட்டதில்லை.

இருள முன்னம் படலையைத் திறந்தோம். இடுப்பளவு கல்வேலி நாலு பக்கமும், நடுவில் வீடு, பின்னுக்கு ஓலைக் குசினி, அதற்கப்பால் கிணறு. ஆளில்லாத வீட்டின் குசினிக் கூரையிலிருந்து புகை வந்துகொண்டிருந்தது. திடுக்கிட்டுப் போனேன்.

"நான்தான் மூட்டினனான்" என்றா பெரியம்மா. "கிழமைக்கு ஒருக்கால் மூட்டுவன். புகை படாட்டி ஓலையைச் செல்லு தின்னும், பிள்ளை."

இரண்டாம் நாள், வெள்ளி

விடிய எழும்பிக் கிணற்றடிக்குப் போனால் பெரியம்மா எனக்கு முதல் அங்கே. கையில் முடிச்சுப் போட்ட கயிறு, நுனியில் ஒரு முருகைக்கல், பவளக்கல். உள்ளே விட்டு இழுத்தா. நனைந்த இடத்தை விரலால் பிடித்து முடிச்சை எண்ணினா. "நேற்றையான் இடத்துக்கு வந்திட்டுது. இண்டைக்கும் முப்பது அள்ளலாம்."

முப்பது வாளி. இந்தக் கிணற்றின் ஆவணி மாதக் கணக்கு அது. ஒரு வாளி பத்து லீற்றர் பிடிக்கும் என்று வைத்தால் முந்நூறு லீற்றர். பங்குனியில் ஐம்பது அள்ளலாமாம், மாரி முடிந்த கையோடு எண்ணத் தேவையில்லையாம். முப்பதும் எங்கே போகிறது என்று கேட்டேன். விரல் மடித்துச் சொன்னா: குடிக்க, சமைக்க நாலு, குளிக்க எட்டு, மாட்டுக்கும் ஆட்டுக்கும் பத்து, கன்றுகளுக்கு நாலு, "மிச்சம் நாலு வெளியில."

வெளியில் என்றால், வேலிக்கு வெளியே ஒழுங்கையோரம் ஒரு சீமெந்துப் பத்தல் இருக்கிறது. பின்னேரம் மட்டக்குதிரைகள் வந்து குடிக்கும். ஊரில் யாருக்கும் சொந்தமில்லாத குதிரைக்கு அளந்து எண்ணின தண்ணீரில் நாலு வாளி. இதைப் பற்றிப் பெரியம்மாவுக்குப் பெரிய விளக்கம் ஒன்றும் இல்லை. "அது வேலிக்குள்ள தலையை நீட்டிப் பாத்துக்கொண்டு நிண்டால் என்ன செய்யிறது?"

நான் படிப்பிக்கிறது புவியியல். இந்தத் தீவு முழுக்கச் சுண்ணாம்புக்கல், அதன் மேல் ஒரு சாண் மண். ஆறு, ஓடை ஒன்றும் கிடையாது. ஐப்பசி தொடங்கி மார்கழி வரைக்கும் விழுகிற மழை கல்லுக்குள் இறங்கி, அடியில் இருக்கிற கடல் தண்ணீருக்கு மேல், குழம்புக்கு மேல் எண்ணெய் நிற்கிற மாதிரி நிற்கும். கடல் மட்டத்துக்கு மேலே நல்ல தண்ணீர் ஒரு அடி உயர்ந்து நின்றால், கீழே ஏறத்தாழ நாற்பது அடிக்கு நல்ல தண்ணீர் இருக்கும் என்பது பாடப்புத்தகக் கணக்கு. பிள்ளைகளுக்கு அதைக் கரும்பலகையில் வரைந்து காட்டும்போது நன்றாகத்தான் இருக்கும். திருப்பிப் பார்த்தால்தான் வயிற்றைக் கலக்கும். மேலே ஒரு அடியை இறைத்துவிட்டால் கீழேயிருந்து நாற்பது அடிக்கு உப்பு ஏறி வரும்.

இந்த வளவில் அது நடந்தே இருக்கிறது. ஏழெட்டு வருடத்துக்கு முன் மாமா காசு அனுப்பினார். "பெரியம்மா பாவம், துலாவில அள்ளுறா" என்று நாங்கள் எல்லாரும் சேர்ந்து கேட்டு வாங்கின காசு. அதில் எனக்கும் பங்கு உண்டு. மின்சாரப் பம்ப் ஒன்று வாங்கிப் பூட்டினோம். பம்புக்குத் தண்ணீர் ஆழம் காணாது என்றார் பூட்ட வந்தவர். அலவாங்கு போட்டு அடிக்கல்லை இரண்டு முழம் உடைத்தார்கள். முதல் மாதம் திருவிழா. மூன்றாம் மாதம் தேத்தண்ணி உவர்த்தது, பருப்பு வேக மறுத்தது, சவர்க்காரம் நுரைக்கவில்லை. அடுத்த பங்குனிக்குள் கிணற்றடித் தென்னை இரண்டும் ஓலை கருகி நின்றன.

பெரியம்மா பம்பைக் கழற்றி, சாக்கில் கட்டி, மாலுக்குள், கொட்டிலுக்குள், போட்டுவிட்டு, உடைத்த குழியைக் கல்லும் மணலும் போட்டு மூடுவித்தா. மூன்று மாரி எடுத்ததாம், தண்ணீர் திரும்ப வாயில் வைக்கிற மாதிரி வர. எங்களில் ஒருவருக்கும் அவ அதைச் சொல்லவில்லை. மாமா ஒவ்வொரு தீபாவளிக்கும் "பம்ப் வேலை செய்யுதோ" என்று கேட்பார். "கிடக்கு" என்பாவாம். உண்மைதானே.

நானும் துலாவில் அள்ளிப் பார்த்தேன். ஆடுகால் இரண்டும் பனை, துலாவும் பனை. வாளியைத் தொபுக்கென்று போட்டேன். ஏச்சு விழுந்தது. "கலக்காதை! மெல்லமா வை, சரிச்சுப் பிடி. மேல் தண்ணி தன்ரபாட்டில வரும்." பால் பானையில் ஆடை எடுக்கிற கை அது. ஒரு வாளி நிரம்ப என் தோள் கழன்றது. இவவுக்கு எழுபத்திநாலு வயது.

குளித்த தண்ணீர் சிறு வாய்க்கால் வழியே வாழைக்குப் போகிறது. நான் இரண்டு வாளியில் குளித்தேன். ஷவரின் கீழ் ஐந்து நிமிடம் நின்றால் நாற்பது, ஐம்பது லீற்றர் போய்விடும். ஆறு அறை, பன்னிரண்டு பேர். கணக்கை மாமாவுக்கு எழுதி அனுப்பினேன். நீலச் சரி அடையாளம் இரண்டும் விழுந்தது, பதில் இல்லை.

மூன்றாம் நாள், சனி

பேரனோடு சைக்கிளில் ஊர் சுற்றினேன். வெயில் தலையைப் பிளக்கிறது. நிழலுக்குப் பனையைத் தவிர வேறு கதி இல்லை, பனை நிழலோ சைக்கிள் ரயர் அகலம்.

நெடுந்தீவுக்கு மாடுகளின் தீவு என்று போர்த்துக்கேயர் பேர் வைத்தார்கள். 1658 இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்த ஒல்லாந்தர் தங்கள் ஊர்ப் பேர்களைத் தீவுகளுக்கெல்லாம் ஒட்டினார்கள். காரைநகர் அம்ஸ்ரடாம், அனலைதீவு ரொட்டர்டாம், நயினாதீவு ஹார்லெம். ஒன்றும் ஒட்டவில்லை. நெடுந்தீவுக்கு வைத்த டெல்ப்ற் மட்டும் இன்றைக்கும் அரசாங்கக் கடிதத் தலைப்பில் இருக்கிறது. ஊரில் அதை யாரும் வாயால் சொல்லி நான் கேட்கவில்லை.

ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் கோட்டை. முருகைக்கல்லும் சுண்ணாம்பும். இரண்டு மாடியாக இருந்தது இப்போது கூரை இல்லாமல், கடல்காற்று அரித்த சுவர்களாக நிற்கிறது. சுவரில் கையை வைத்தால் கல்லுக்குள் பூவும் மூளைவரியும் தெரிகின்றன. ஒவ்வொரு கல்லும் ஒரு காலத்தில் கடலுக்குள் உயிரோடு இருந்தது. எங்கள் வளவு வேலியும் இதே கல்தான். கோட்டை விழுந்ததற்கும் வேலி நிற்பதற்கும் காரணம் தேடிக்கொண்டே சைக்கிள் மிதித்தேன். பேரன் சுருக்கமாக முடித்தான்: "கோட்டையை ஆரும் அடுக்கேல்லை."

குதிரைக் கதை எல்லோருக்கும் தெரிந்தது. ஒல்லாந்தர் இங்கே குதிரை வளர்த்தார்கள். ஆங்கிலேயர் காலத்தில், 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், நோலன் என்ற படை அதிகாரி அந்தப் பண்ணையைப் பெருக்கினார். பிறகு பண்ணை கைவிடப்பட்டது, குதிரைகள் தம்பாட்டில் நின்றுவிட்டன. ஆனால் இந்தக் கடலில் குதிரை வியாபாரம் அவர்களைவிடப் பழையது. நயினாதீவில் முதலாம் பராக்கிரமபாகுவின் 12ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு இருக்கிறது. யானையும் குதிரையும் கொண்டுவருகிற கப்பல் உடைந்தால் நாலில் ஒரு பங்கு அரசுக்கு, மூன்று பங்கு உடையவனுக்கு. மற்றச் சரக்குக் கப்பல் உடைந்தால் பாதிக்குப் பாதி. குதிரை கொண்டுவருகிறவன் நட்டப்பட்டுத் திரும்ப வராமல் போய்விடக்கூடாது என்று ராசாவுக்கு அக்கறை.

தெற்குப் பக்க வெளியில் ஒரு கூட்டம் மேய்ந்தது. கபிலம், கறுப்பு, ஒன்று நெற்றிச்சுட்டியோடு. விலா எலும்பை எண்ணலாம். 2015 இல் இந்தப் பகுதியைத் தேசியப் பூங்கா என்று அறிவித்தார்கள். அறிவித்தலால் கோடையில் தண்ணீர் ஊறுமா? கடும் வறட்சி வருகிற ஆண்டுகளில் குதிரைகள் செத்து விழுகின்றன.

பெருக்கமரம், வளரும் கல், புறாக்கூடு எல்லாம் பார்த்தேன். படம் எடுக்கிறவர்கள் நிறைய எடுத்துவிட்டார்கள், நான் எழுத ஒன்றுமில்லை. முன்னொரு காலத்தில் இங்கே ஆண்டான் என்று ஊர் சொல்கிற வெடியரசனின் கோட்டைக்கும் போனோம். பலகையில் எழுதியிருப்பது ஒரு கதை, ஊர் சொல்வது இன்னொன்று. வெயில் ஏறுகிறது என்று பேரன் அவசரப்படுத்தினான்.

நான்காம் நாள், ஞாயிறு

இன்று முழுக்கக் கல்.

மேற்கு வேலியில் இரண்டு இடம் விழுந்து கிடந்தது. ஒன்று, மாடு உரஞ்சி விழுத்தின பழைய வேலி. மற்றது, மாமா அனுப்பின காசில் சீமெந்து பூசி "நிரந்தரமாக்கின" துண்டு. பழைய வேலியில் கல்லுக்கும் கல்லுக்கும் இடையில் காற்றுப் போகும். சோளகம் அதற்குள்ளால் சலித்துக்கொண்டு வந்து, இந்தப் பக்கம் கத்தரிக் கன்றை நோகாமல் தொடும். சீமெந்துத் துண்டில் ஓட்டை இல்லை. காற்று முழுமூச்சாய் இடித்திருக்கிறது. உப்பு உள்ளே ஊறிப் பூச்சு பொருக்காய்க் கழன்றிருக்கிறது. போன வருடம் பத்தடி நீளத்துக்கு ஒரே பலகையாய்ச் சாய்ந்துவிட்டதாம். பழைய வேலி விழுந்தால் கல் கல்லாக விழும், திரும்ப எடுத்து வைக்கலாம். இதை என்ன செய்வது? சுத்தியலால் அடித்தால் கல்லும் சேர்ந்து உடைகிறது.

புதுக்கல் எடுக்கவும் முடியாது. 1988 இல் கரையோரப் பாதுகாப்புச் சட்டத்துக்குக் கொண்டுவந்த திருத்தத்தோடு கரையோர வலயத்தில் முருகைக்கல் அகழ்வது தடை. சரியான தடைதான். அலையை முதலில் மறிக்கிறதே அந்தக் கல்தானே. ஆகவே இந்த ஊருக்கு இருக்கிற கல் இவ்வளவுதான், இனி அடுக்குகிற கை மட்டும்தான் புதிது.

அடுத்த ஒழுங்கையிலிருந்து ஒரு அப்பு வந்தார். எண்பது வயது, சாரத்தை மடித்துக் கட்டி, கையில் ஒரு பூவரசந் தடி. முதல் வேலை அந்தத் தடியால் குவியலைத் தட்டுவது. "புடையன் பாம்பு படுத்திருப்பான். தேள் எண்டால் பரவாயில்லை, கடுக்கும், போயிடும்." தட்டிவிட்டுக் கொஞ்சம் பொறுத்து, கல்லை மேலேயிருந்து எடுக்கவேண்டும். அடியில் விரலைக் கொடுக்கக் கூடாது.

பெரிய கல் அடியில். இரண்டு வரிசை, ஒன்றுக்கொன்று முதுகு காட்டி. நடுவில் சல்லிக்கல். மூன்று வரி வைத்தால் ஒரு நீளக் கல்லைக் குறுக்கே போட்டு இரண்டு முதுகையும் கட்டவேண்டும். நான் ஒரு கல்லை எடுத்து, திருப்பி, மறுபடி திருப்பி, பொருந்தாமல் கீழே போட்டேன். அப்பு அதையே எடுத்துப் பார்க்காமல் உள்ளங்கையால் ஒருமுறை தடவினார். வைத்தார். கறக் என்று ஒரு சத்தம், கல் கடித்துக்கொண்டது. "கல்லுக்கு வாய் இருக்கு, பிள்ளை. அதைத் தேடினால் காணும். நீங்கள் கல்லைப் பாக்கிறியள், நான் ஓட்டையைப் பாக்கிறன்."

மத்தியானத்துக்குள் அவர் ஏழு முழம், நானும் பேரனும் சேர்ந்து இரண்டு. என்னுடைய இரண்டு முழத்தைப் பின்னேரம் ஒரு ஆடு ஏறிப் பார்த்தது. விழவில்லை. படம் எடுத்து வைத்திருக்கிறேன்.

ஐந்தாம் நாள், திங்கள்

கடல் சரியில்லை, படகு ஓடவில்லை. சிக்னலும் இல்லை, இதை நாளைக்குத்தான் போட முடியும். உள்ளங்கை இரண்டும் கொப்புளம்.

பெரியம்மா தகரப் பெட்டியைத் திறந்து காணி உறுதியைக் காட்டினா. மாமாவிடம் இருப்பது அதன் போட்டோப் பிரதி, அதிலும் முதல் பக்கம் மட்டும். மூலத்தில் எல்லைகள் ஆட்களின் பெயரால்: கிழக்கு இன்னார், வடக்கு ஒழுங்கை. அதற்குக் கீழே வீடு, பனை, வடலி. கடைசி வரியை இரண்டு தரம் வாசித்தேன். கிணற்றில் மூன்றிலொரு பங்கும் வழிவாய்க்கால் உரித்தும்.

மூன்றிலொரு பங்கு! மிச்ச இரண்டு பங்கில் ஒன்று பெரியம்மாவுக்கு. மற்றது வன்னியில் காணி கிடைத்துக் குடியேறிப் போன ஒரு குடும்பத்துக்கு. அவர்கள் போய் இரண்டு தலைமுறை.

"அவை வரப்போறதில்லைத்தானே?"

"அதுக்கு?" என்றா பெரியம்மா. "அவையின்ர பத்து வாளியைத்தான் மாடும் குதிரையும் குடிக்குது."

அப்படிப் பார்த்தால் எங்கள் பங்கு பத்து வாளி. அந்தப் பத்தையும் இத்தனை வருடம் நாங்கள் அள்ளவில்லை. எங்கள் வாழையும் முருங்கையும் இந்த வீட்டுச் சுவருக்கு வருடாவருடம் அடிக்கிற சுண்ணாம்புமே அதைக் குடித்திருக்கின்றன.

ஆறாம் நாள், செவ்வாய்

குசினி வேய்ச்சல். எனக்காக அல்ல, ஐப்பசி மழைக்கு முன் எப்படியும் செய்கிறது. என்னுடைய லீவுக்காகக் கொஞ்சம் முந்திவிட்டார்கள்.

ஓலை ஒரு மாதத்துக்கு முன்னமே வெட்டி, மிதித்து, கல் வைத்துப் படிய விட்டிருந்தார்கள். வெட்டும்போதும் ஒரு முறை உண்டு. குருத்தையும் அதைச் சுற்றி நிற்கிற இளம் ஓலையையும் தொடுவதில்லை. ஒரே பனையை அடுத்தடுத்த வருடம் மொட்டையடிப்பதில்லை. மரத்தையே தறிப்பதென்றால் அனுமதி எடுக்கவேண்டும். போரில் அழிந்த பனைகளை நினைத்தால் அந்தச் சட்டம் இன்னும் இறுக்கமாக இருந்தாலும் நல்லது.

விடிய ஐந்து மணிக்கே ஒன்பது பேர். யாருக்கும் கூலி இல்லை, அடுத்த கிழமை இன்னொரு வீட்டில் இவர்களே. இரண்டு பொடியள் முகட்டில் ஏறிப் பழைய ஓலையை இழுத்து விழுத்த, வளவு முழுக்கக் கரிப்புழுதி. தும்மித் தும்மிக் கண் சிவந்துவிட்டது. ஆனால் கூரைக்குள் பார்த்தேன்: அடுப்புக்கு நேரே மேலே இருந்த ஓலை கறுத்து, மினுங்கி, இன்னும் உறுதியாக இருந்தது. புகை எட்டாத மூலையில்தான் பொடிப்பொடியாகக் கொட்டியது. கைமரமும் சிலாகையும் பனை வைரம். பேரனாருக்குப் பிறகு அவற்றை மாற்றவே இல்லையாம்.

தாழ்வாரத்திலிருந்து மேலே முகடு வரைக்கும், ஒன்றின் தோளில் ஒன்று ஏறுகிற மாதிரி ஓலை போகிறது. மட்டையிலிருந்து உரித்த நாரால் கட்டு. ஆணி ஒன்றுகூட இல்லை. இறக்கின பழைய ஓலை எரிக்கப்படவில்லை. மேற்குப் பக்கம் கான் வெட்டித் தாட்டார்கள். மாரியில் உக்கி மண்ணாகும். ஒரு சாண் மண்ணில் மிளகாய் காய்ப்பது அப்படித்தான்.

மத்தியானம் ஒடியற்கூழ். பனங்கிழங்கைக் காயவைத்து இடித்த ஒடியல் மாவை ஊறவிட்டுக் கசப்புத் தண்ணீரை வடித்து, நண்டு, இறால், சின்ன மீன், மரவள்ளி, பயத்தங்காய், முருங்கையிலை, செத்தல் மிளகாய், புளி. பனையோலைப் பிளாவில் ஊற்றிக் குடிக்கும்போது ஓலை மணமும் சேர்ந்து உள்ளே போகும். மூக்கால் தண்ணீர் ஓட ஓட மூன்று பிளா குடித்தேன். கூழுக்கும் வந்தவர்கள் கைகால் கழுவவும் ஏழு வாளி மேலதிகமாகப் போனது. அதனால் இன்றைக்கு நான் குளிக்கவில்லை. கரிப்புழுதியோடு எழுதுகிறேன்.

இரவு மாமா எடுத்தார்.

"ஆறு அறை சரிவராட்டி நாலு போடுவம். கரண்ட் பிரச்சினை இல்லைத்தானே, இந்தியாக்காரன்ர உதவியில சூரியனும் காத்தும் வருகுதாம்."

வரலாம். நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மூன்றுக்கும் அந்தத் திட்டம் உண்டு. இன்றைக்கு ஊரில் டீசல் இயந்திரம். "கரண்ட் வந்தாலும் கிணறு அதேதான் மாமா" என்றேன். உறுதியின் கடைசி வரியை வாசித்துக் காட்டினேன். அந்தப் பக்கம் கனநேரம் சத்தமில்லை. குளிர்பெட்டி உறுமுகிறது மட்டும் கேட்டது.

"அப்ப எங்களுக்கு மூண்டிலொண்டுதானோ?"

"ஓம். ஆவணியில பத்து வாளி."

"பத்து வாளிக்கு எத்தினை பேர் நிக்கலாம்?"

பெரியம்மாவிடம் கேட்டேன். அவ துருவலையில் தேங்காய் துருவிக்கொண்டே, தலையை நிமிர்த்தாமல் சொன்னா: "ரெண்டு பேர். துலாவில தாங்களே அள்ளிக் குளிச்சால் மூண்டு. சோளகம் முடிஞ்சு மாரி வந்தாப்பிறகு எண்டால் இன்னும் கொஞ்சம்."

"வாளியில குளிக்கிறதுக்கு ஆர் காசு தருவினம்?" என்றார் மாமா. பிறகு கொஞ்சம் பொறுத்து, "நான் வந்தால் நிக்கலாம்தானே?"

"நிக்கலாம். கல்லும் அடுக்கலாம்."

சிரித்தார். பிறகு, "அந்தப் பம்ப் எங்கை?" என்றார். அப்போதுதான் சொன்னேன், எல்லாவற்றையும்.

ஏழாம் நாள், புதன்

அளவுநாடா பைக்குள்ளேயே கிடந்தது. காலையில் ஞாபகம் வந்து எடுத்து, வீட்டை அல்ல, கிணற்றை அளந்தேன். வாய்க்கட்டிலிருந்து தண்ணீர் வரை ஒன்பது அடி இரண்டு அங்குலம். பேரனின் பழைய கொப்பியில் திகதி போட்டு எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். கிழமைக்கு ஒருமுறை அவன் எழுதுவான். பெரியம்மாவின் கயிற்று முடிச்சுக்கு நேரே அடிக்கணக்கு. பெரியம்மாவுக்கு இதில் பெரிய மரியாதை இல்லை. "எழுதினால் ஊறுமோ" என்று கேட்டா.

மாலுக்குள்ளிருந்து பம்பை இழுத்தெடுத்தோம். சாக்கு இற்றுப்போய், இரும்பு செம்மண் நிறமாய் உதிர்ந்தது. யாழ்ப்பாணத்தில் பழைய இரும்புக்குக் கொடுக்கலாம் என்று மாமாவின் உத்தரவு. காசைப் பெரியம்மாவிடம் கொடுக்கச் சொன்னார். அவவோ அதில் சுண்ணாம்பு வாங்கி அனுப்பச் சொன்னா, சுவருக்கு.

சைக்கிள் கரியரில் பம்பைக் கட்டி மாவிலித்துறை. எனக்குப் புழுக்கொடியல் ஒரு பொட்டலம், அம்மாவுக்குப் பனாட்டு ஒரு தட்டு. படகில் சாமான் ஏற்றுகிறவர் பம்பைக் காலால் தட்டிப் பார்த்தார்.

"இதுக்குத் தனிக் காசு, ரீச்சர்."

"வரேக்கையும் குடுத்தம்தானே அண்ணை."

"அது வந்ததுக்கு. இது போறதுக்கு."

கொடுத்தேன்.